இரு இடாப்புகள்: பெருந்தோட்டப் பெற்றோரும் பாடசாலை ஒழுங்குகளும்

மலையகக் கல்வியின் பின்னடைவு பற்றி எழுதுவோரும் மேடைகளிற் பேசுவோரும் ஏறத்தாழ ஒருமித்துக் கூறும் காரணம் ஒன்றுண்டு. 'தோட்டத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஒழுங்காகப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை. சிறு காரணத்துக்கும் மறித்துவிடுகின்றனர். பாடசாலை விதிகளை மதிப்பதில்லை' என்பதே அது. இக்கூற்றிற் காணப்படும் செய்தி முற்றிலும் பொய்யன்று. கொழுந்து மிகுந்த மாதங்களிலும், திருவிழாக் காலத்திலும், அடைமழை நாட்களிலும் தோட்டப் பாடசாலைகளின் வரவு இடாப்பிற் சிவப்புக் கோடுகள் பெருகுவதை ஆசிரியர் எவரும் அறிவர். ஆயினும், செய்தியொன்று உண்மையாயிருத்தல் வேறு, அதற்குக் கூறப்படும் விளக்கம் உண்மையாயிருத்தல் வேறு. அசட்டை, அறியாமை, குடிப்பழக்கம் என்னும் விளக்கங்கள் பெற்றோரின் மனத்தை நோக்கி விரல் நீட்டுகின்றனவேயன்றி, அம்மனம் எத்தகைய வாழ்நிலையில் உருவானது என்ற வினாவை எழுப்புவதில்லை. வாழ்நிலையே உணர்வுநிலையை நிருணயிக்கிறது என்ற அடிப்படையிற் பெற்றோரின் மனப்பாங்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியையும், குறிப்பாக மீரியபெத்த தோட்டத்தையும் மனத்திற் கொண்டே நாம் இதனை எழுதுகின்றோம்.

முதற்கண் ஒரு சிறு உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் குடும்பம் ஒரே காலையில் இரண்டு இடாப்புகளுக்கு விடை கூறுகின்றது. ஒன்று பிரட்டுக்களத்தின் செக்ரோல். மற்றையது வகுப்பறையின் வரவு இடாப்பு. ஒன்றில் தாயின் 'பேர்' விழ வேண்டும். மற்றையதிற் பிள்ளையின் பெயருக்கு நேரே அடையாளம் விழ வேண்டும். பாடசாலை காலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. தாய் அதற்கு முன்னரே பிரட்டுக்குப் போய், கணக்கப்பிள்ளை காட்டிய மலைக்கு ஏறிவிடுகிறாள். பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. தாய் கொழுந்து மடுவத்தில் நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்ப மாலை நான்கரை, ஐந்து மணியாகிறது. முன்னர் பிள்ளைக்காம்பரா எனவும் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனவும் வழங்கும் இடம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே உரியது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை பிற்பகலில் யார் கண்காணிப்பில் இருப்பது? காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையைக் காலையில் யார் பார்ப்பது? இவ்விரு வினாக்களுக்கும் எந்த இடாப்பும் விடை தருவதில்லை. நடைமுறையில் விடையாக அமைபவள் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளை.

இவ்விடத்து, 'ஒரு நாள் தாய் நின்றாலென்ன?' என்று கேட்கலாம். அதற்குக் கணக்கினால் விடை கூறுவதே பொருத்தம். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. விலைப் பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. ஆக மொத்தம் 620 ரூபா. இவற்றுள் வரவுக் கொடுப்பனவாகிய 140 ரூபா, மாதத்தில் வழங்கப்பட்ட வேலை நாட்களில் 75 வீதத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கே உரியதாக இருந்தது. மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டதெனக் கொள்வோம். அதன் 75 வீதம் 18 நாள். கொழுந்தின் நிறை குறையாதவிடத்து, 18 நாள் வேலை செய்தவளுக்குக் கிடைப்பது 11,160 ரூபா. பதினேழு நாள் வேலை செய்தவளுக்கு வரவுக் கொடுப்பனவு முழுவதும் அற்றுப்போக, நாளொன்றுக்கு 480 ரூபா வீதம் 8,160 ரூபாவே கிடைக்கும். ஆகவே அந்த ஒரு நாளின் பெறுமதி 620 ரூபாவன்று, 3,000 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாட் கூலி. எல்லைக்கோட்டில் நிற்கும் தாயொருத்திக்குப் பிள்ளையின் காய்ச்சல் எவ்வளவு விலையுள்ள பொருளாகிறதென்பதை இக்கணக்கு தெளிவுறுத்தும்.

மறுபுறம், மூத்த மகள் ஒரு நாள் பாடசாலைக்குப் போகாவிடின் அன்றைக்கு எதுவும் குறைவதில்லை. இழப்பு உண்டு; ஆனால் அது பத்தாண்டுக்குப் பின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றில் வெளிப்படும் இழப்பு. கூலியின் இழப்போ மாதக் கடைசியிற் சம்பளச் சீட்டில் வெளிப்படுவது. இரண்டு இடாப்புகளுள் எது வளைந்து கொடுக்கிறதோ அதன்மீதே குடும்பம் தன் சுமையை இறக்கி வைக்கிறது. செக்ரோல் வளையாது, வரவு இடாப்பு வளையும். தாயின் வரவைக் காப்பதற்காகப் பிள்ளையின் வரவு கொடுக்கப்படுகிறது. இதனை அசட்டை என்பது தவறு. தனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்குள் ஒரு குடும்பம் செய்யும் கணக்கு என்பதே சரி. 2019ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் இவ்வரவுக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஆயின் 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்குவிப்புக் கொடுப்பனவை அரசாங்கமே வழங்குமென அறிவிக்கப்பட்டதை நாம் காண்கிறோம். வேலைக்கு வருவோரை ஊக்குவிப்பது பற்றிச் சிந்திப்போர், அவ்வூக்குவிப்பின் மறுபக்கத்தில் எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகாது நிற்கிறது என்பதையும் சிந்தித்தல் நன்று.

'லீவு' என்ற சொல்லின் வரலாற்றையும் இங்கு நோக்குதல் வேண்டும். நகரத்து உத்தியோகக் குடும்பத்தில் லீவு என்பது உரிமை. ஆண்டுக்கு இத்தனை நாள் எனக் கணக்கிடப்பட்டு, எடுக்கப்படுவது. தோட்டத்திலோ லீவு என்பது 'கேட்கப்படுவது'. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தக்க காரணமின்றி வேலைக்கு வராதிருத்தலையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போவதற்கும் துண்டு வேண்டியிருந்தது. 1921இலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வராதிருத்தல் குற்றம், வந்திருத்தல் கடமை, இடையில் நிற்பது துரையின் தயவு என்ற பாடத்தைப் பல தலைமுறைகள் பிரட்டுக்களத்திற் படித்தன. அத்தகைய மக்கள் பாடசாலை அதிபரின் முன் நிற்கும்போதும் ஆபீஸ் வாசலில் நிற்பது போலவே நிற்கின்றனர். விளக்கம் கூறுவதில்லை, கேள்வி கேட்பதில்லை. தலையை அசைத்துவிட்டுத் திரும்புகின்றனர். மறுநாட் பிள்ளை வருவதில்லை. அதிபர் இதனை அலட்சியம் என்கிறார். உண்மையில் அது, பேசிப் பயனில்லை எனக் கற்றுக்கொண்ட மக்களின் மௌனமாகும்.

'கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மற்றதை உரித்தெடுங்கள்' என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் மரபான பேச்சும் இதன் மறுபக்கமே. பாடசாலைகளில் உடல்சார் தண்டனையைத் தடைசெய்யும் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்த பின்னரும் இப்பேச்சு முற்றாக மறைந்துவிடவில்லை. இதனைப் பெற்றோரின் கொடுமை எனக் கொள்ளலாகாது. அதிகாரம் என்பது அடித்தே திருத்தும் என்ற ஒரே வடிவத்தில் அதிகாரத்தைக் கண்டவர்கள், பிள்ளையின் நன்மையையும் அவ்வடிவத்திலேயே கற்பனை செய்கின்றனர்.

தோட்டப் பாடசாலையின் தோற்றமும் இம்மனப்பாங்கின் உருவாக்கத்திற் பங்குகொண்டதாகும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும், அதன்பின் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளே அதன் எல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தொழிலாளியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு அந்த எல்லையினுள்ளேயே பொதிந்து கிடந்தது. ஒரு மடுவம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற அமைப்பே பெரும்பாலான தோட்டங்களில் நிலவியது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் வெளிச்சம் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. 1948இற் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1975இற் பெருந்தோட்டங்கள் தேசியமயமானதன் பின்னர், 1977 முதலே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம், தோட்டத்துப் பள்ளிக்கூடம் அறிவைத் தேடும் இடமாயிருந்ததிலும் பார்க்க, தாய் மலையில் நிற்கையிற் பிள்ளையைக் காக்கும் இடமாகவே பெருமளவு இருந்தது. காவலிடத்துக்குக் காவல் தேவைப்படும்போது மட்டும் பிள்ளையை அனுப்புவது இயல்பே.

இந்நிலைமை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தொழிற்சாலைச் சட்டங்கள் உழைக்கும் சிறுவர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாத 'ஆசிரியர்கள்' வரவுச் சான்றிதழ்களிற் சிலுவைக்குறி இட்டுக் கொடுத்ததை மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் எடுத்துக்காட்டினார். வரவைப் பதிவு செய்வது சட்டத்துக்கு நிறைவளித்தது. கற்றல் நடந்ததா என்பது எவருக்கும் வினாவாகவில்லை. வரவை அளக்கும் கருவி கல்வியையும் அளக்கிறது என நம்புவதன் பிழையை அன்றே வரலாறு காட்டிவிட்டது.

அதே இங்கிலாந்தில் அண்மையில் எழுந்த வழக்கொன்று ஒப்புநோக்குக்கு ஏற்றது. பாடசாலைத் தவணை நடுவே மகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற தந்தையொருவர் அபராதம் செலுத்த மறுத்து வழக்காடினார். 2017 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 'ஒழுங்காக' வருதல் என்பதற்குப் 'பாடசாலை வகுத்த ஒழுங்குகளுக்கு அமைய' வருதல் என்பதே பொருள் எனத் தீர்ப்பளித்தது. அங்கு பிணக்கு, விடுமுறையில் விமானச் சீட்டின் விலை கூடுதல், தவணைக் காலத்திற் குறைவு என்பதிலிருந்து எழுந்தது. ஓய்வு நாட்களைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள வசதியுள்ள வர்க்கமொன்றின் பிணக்கு அது. கொஸ்லந்தையிற் பிள்ளையை மறிக்கும் தாய்க்கு அமைத்துக்கொள்ள ஓய்வு நாளே இல்லை. ஆயினும் 'ஒழுங்கு' என்ற சொல் இரு இடத்தும் ஒன்றே. தமிழிலும் அச்சொல் முறைமையையும் விதியையும் ஒருங்கே சுட்டுவது கருதத்தக்கது. விதி வகுப்போர் தம் வாழ்வின் முறைமையையே விதியாக்குகின்றனர். வேறொரு முறைமையில் வாழ்வோர் அவ்விதியின் முன் 'ஒழுங்கற்றவர்' ஆகின்றனர்.

சில எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். பாடசாலைச் சீருடை வெள்ளை. அரசாங்கம் 1993 முதல் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. அதனாற் குடும்பங்கள் பெற்ற ஆறுதல் சிறிதன்று. ஆனால் துணி கிடைத்தல் வேறு, அது நாள்தோறும் வெள்ளையாக இருத்தல் வேறு. பல லயங்களுக்குப் பொதுவான பீலியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, மாலை இருளிற் கழுவி, ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுப்புப் புகையருகே உலர்த்த வேண்டிய வெள்ளை அது. ஒரே சட்டை உலராத நாளிற் பிள்ளை வருவதில்லை. செம்மண் படிந்த சட்டையோடு வந்து வாயிலில் நிறுத்தப்படுவதிலும் வராதிருப்பதே மானம் எனத் தாய் கருதுகிறாள். இங்கு அவள் மீறியது ஒழுங்கையன்று. அவளிடம் இல்லாதது தண்ணீர்.

பண்பாட்டு நாட்களும் அத்தகையனவே. மாசி மாதத்துக் காமன்கூத்து இரவுகளில் ஆடப்படுவது. இரவு ஆடிய சிறுவன் காலையில் வகுப்பில் இருப்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு நாளில் வருவது. கல்வி அமைச்சின் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. பெண்பிள்ளை பூப்பெய்தினால் பல நாட்கள் வீட்டிலேயே இருத்தப்படுகிறாள். இவையனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றுவதோ இகழ்வதோ விஞ்ஞான நோக்காகாது. காமன்கூத்து உழைக்கும் மக்கள் தமக்கெனக் காத்துவந்த கலை. அதில் ஆடும் பிள்ளை அன்று ஒன்றும் கற்கவில்லை எனக் கூற நாம் துணியோம். பூப்படைந்த பிள்ளையை மறித்து வைத்தலோ பெண்ணை அடக்கும் நிலமானியச் சிந்தனையின் எச்சம். பெற்றோரின் வறுமையைக் காட்டி அதனை நியாயப்படுத்துதல் முற்போக்காளருக்கு அழகன்று. மூத்த மகளையே எப்போதும் மறிப்பதும், மூத்த மகனை மறிக்காதிருப்பதும் இவ்வாறே கேள்விக்குரியன. செக்ரோலின் சுமை குடும்பத்தினுள் இறங்கும்போது அது பெண்ணின் தோளிலேயே இறங்குகிறது என்பதைக் கூறாது விடின் எமது ஆய்வு பாதியே ஆகும்.

அவ்வாறாயின் பெற்றோர் கல்வியை விரும்பவில்லையா? இல்லை என்பதற்குச் சான்றுகள் பல. 1986 முதல் சுவீடனின் உதவியோடு நடைபெற்ற பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டங்களும், 1980களில் மலையக இளைஞர்க்குக் கிடைத்த ஆசிரிய நியமனங்களும், 'படித்தால் மலையிலிருந்து இறங்கலாம்' என்பதற்குக் கண்கூடான சாட்சியத்தை லயங்களுக்குள்ளேயே நிறுத்தின. மலையக இலக்கியத்தின் வளர்ச்சியே இதற்கு வேறொரு சான்றாகும். பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்திற் பணியாற்றி, அத்தோட்டத்தின் பெயராலேயே அறியப்பட்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பை நினைவுகூர்தல் போதும். ஒற்றை மடுவப் பள்ளிக்கூடங்கள் கூட எழுத்தாளரையும் வாசகரையும் உருவாக்கின. ஆனால் அவ்விலக்கியத்தைப் பயில்வோர், படித்து வெளியேறியவனின் கதையை மட்டுமன்றி, அவன் படிப்பதற்காக மறிக்கப்பட்ட அக்காளின் கதையையும் தேடுதல் வேண்டும்.

இனி மீரியபெத்தையை நோக்குவோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதைந்தோரிற் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. வேலைக்குச் சென்றிருந்தோர் பலரும், பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலரும் தப்பினர். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வீடு இருக்கவில்லை; சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. அக்காலையிற் பெயர் விழுந்திருந்த இரண்டு இடாப்புகளும் உயிரோடிருப்போரின் பட்டியல்களாயின. காய்ச்சலுக்காகவோ, கைக்குழந்தைக்காகவோ, முதுமைக்காகவோ வீட்டில் நிற்பதென்பது அன்று என்ன பொருள் பெற்றதென்பதை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. அதனைப் பாடசாலைக்கு அனுப்புவதன் நன்மைக்கு உதாரணமாக்குவது துயருற்றோரை அவமதிப்பதாகும்.

அனர்த்தத்தின் பின் எழுந்த பேச்சே எமது பொருளுக்கு நேராக உதவுவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது என எச்சரித்திருந்தது. 'சொல்லியும் அவர்கள் வெளியேறவில்லை' என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. 'சொல்லியும் பிள்ளையை அனுப்பவில்லை' என்பதன் அதே வாக்கிய அமைப்பு இது. நிலம் தோட்டத்துக்குரியது, லயம் தோட்டத்துக்குரியது, அங்கு இருக்கும் உரிமையும் தோட்ட வேலையோடு பிணைந்தது. வெளியேறுக என்றவர்கள் எங்கே போய்க் குடியிருப்பது என்பதற்கு இடம் காட்டவில்லை. மக்கல்தெனியவில் வீடுகள் கட்டப்பட்டு 2016 ஒக்டோபரிற் கையளிக்கப்பட்டபோது அம்மக்கள் குடிபெயர்ந்தனர். இடம் இருந்தபோது விதி நிறைவேறியது. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் அவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் முகாமிட்டிருந்தனர். அனர்த்தத்தை அடுத்த நாட்களிற் கொஸ்லந்தை, பூணாகலைத் தமிழ்ப் பாடசாலைகளே தஞ்சமளித்தன. வகுப்பறை வீடாகியபோது பாடசாலை நடைபெறவில்லை. அந்நாட்கள் எந்தப் பெற்றோரின் அசட்டையாலும் இழக்கப்பட்டவையல்ல. 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' சூறாவளி பதுளை மாவட்டத்திலும் மலைகளைச் சரித்து உயிர்களைக் கொண்டுபோனமை, இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021இற் பதினாறாக்கப்பட்டது. இவை நல்ல சட்டங்கள். போராடிக் காக்கப்பட வேண்டியவை. எமது வாதம் விதிகளைத் தளர்த்துக என்பதன்று. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர்மீது சுமத்தும் அரசு, அக்கடமையை நிறைவேற்றும் சாதனங்களையும் கேட்டுப் பெறும் உரிமையை அவர்களுக்கு அளித்தல் வேண்டும் என்பதே எமது வாதம்.

அதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. பிள்ளையின் சுகவீனத்துக்கெனத் தாய்க்கும் தந்தைக்கும் கூலியோடு கூடிய லீவு வேண்டும். அந்நாட்களை எந்த வரவுக் கொடுப்பனவுக் கணக்கிலும் வராத நாளாகக் கொள்ளலாகாது. சிறுவர் நிலையம் பிற்பகலிற் பத்து வயது வரையான பிள்ளைகளையும் ஏற்க வேண்டும். தோட்டத் திருவிழா நாளைப் பாடசாலை தவணைத் தொடக்கத்திலேயே பெற்றோரோடு பேசி நிருணயித்து, ஈடாக வேறொரு நாள் நடத்தலாம். தீபாவளியை ஒட்டித் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விசேட விடுமுறை அளித்துப் பின் ஒரு சனிக்கிழமையில் ஈடுசெய்யும் வழக்கம் முன்னரே உண்டாகையால் இது புதுமையன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வரவு இடாப்பில் 'வரவில்லை' என்ற கோட்டின் பக்கத்திற் காரணத்தையும் எழுதும் பழக்கம் வேண்டும். சட்டை உலரவில்லை, தம்பிக்குக் காய்ச்சல், ஆற்றில் வெள்ளம் என ஓராண்டு எழுதிப் பார்ப்பின், அசட்டை என்ற காரணம் எத்தனை நாட்களுக்குப் பொருந்துகிறது என்பது தானே விளங்கும். எஞ்சிய நாட்கள் தண்ணீரையும் பாதையையும் கூலியையும் பற்றிய நாட்களாக இருக்கும். அவ்விடாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரும் பெற்றோரும் ஒரே பக்கத்தில் நின்று கேட்கக் கூடியவை பல உள.